கடைச்சோறும் நம்பிக்கையும்: திரியாயிலிருந்து கொழும்பு வரை

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போனால், இறக்கக்கண்டி, குச்சவெளி எல்லாம் கடந்து சுமார் 45 கிலோமீற்றரில் திரியாய் வரும். அதற்கும் அப்பால் புல்மோட்டை. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வருகிற பாதை இது. திரியாய் தமிழர்களின் பழைய ஊர். 1985 இல் வீடுகள் எரிந்து, மக்கள் இடம்பெயர்ந்து, பல வருடம் வெறிச்சோடிக் கிடந்து, பிறகு மெல்ல மெல்லத் திரும்பிய ஊர். ஊருக்கு அருகே ஒரு குன்று. குன்றின் மேல் கல்தூண்கள் வட்டமாகச் சூழ்ந்த ஒரு பழைய தூபி இருக்கிறது. கிரிஹண்டு சேய என்பது அதன் பெயர். அங்கே பாறையில் ஒரு நீண்ட சாசனம் உண்டு. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம், காலம் ஏறத்தாழ கி.பி. 7 ஆம் அல்லது 8 ஆம் நூற்றாண்டு.

அந்தச் சாசனம் இந்தத் தலத்தை நிறுவியவர்களாக எந்த அரசனையும் சொல்லவில்லை. திரபுஸ்ஸகர், வல்லிகர் என்ற வணிகர் கூட்டத்தாரைச் சொல்கிறது. பௌத்த மரபில் தபஸ்ஸு, பல்லுக என்று இரு வணிகர்கள் உண்டு. கௌதம புத்தர் ஞானம் பெற்றபின் அவருக்கு முதல் உணவைக் கொடுத்தவர்கள் அந்த வழிப்போக்கு வியாபாரிகள்தான் என்பது மரபு. மாவும் தேனும் சேர்ந்த வழிச்சோறு அது. வண்டியில் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை, வழியில் கண்ட முன்பின் தெரியாத ஒருவருக்கு நீட்டினார்கள். சாசனத்தில் வரும் வணிகர் கூட்டத்தார் அந்த இருவரின் பெயரைத் தாங்கிய குழுவா, அல்லது பிற்காலத்தார் இரண்டையும் இணைத்தார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பர்மிய மக்களும் அதே இருவரைத் தம் ஊர்க்காரர் என்கிறார்கள்; ரங்கூன் ஷ்வேடகோன் தூபியின் கதையும் அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

கொழும்பில் ஒரே வீதியில் அரபுச் சாப்பாடும் சீனச் சாப்பாடும் தோசையும் கொத்துரொட்டியும் கிடைக்கிற காலம் இது. அந்தக் கடைகளின் வரலாற்றை எழுதப் புகுந்து, திரியாய்க் குன்றில் ஏன் ஏறுகிறோம் என்று வாசகர் கேட்கலாம். கடையில் சாப்பிடுவது என்பது அடிப்படையில் என்ன? அடுப்பை நாம் பார்ப்பதில்லை. சமைத்தவரை நமக்குத் தெரியாது. அவர் மதம், ஊர், மொழி எதுவும் தெரியாது. ஆனாலும் காசைக் கொடுத்து அவர் கைச்சோற்றை வாய்க்குக் கொண்டு போகிறோம். இந்த நம்பிக்கையை இந்த நாட்டில் முதலில் சுமந்து திரிந்தவன் வணிகன். அந்த வணிகனின் பெயரைக் கல்லில் வைத்திருக்கிற ஊர் திரியாய்.

வணிகனும் வழிச்சோறும்

இந்துமாக் கடலின் பழைய வணிகம் தனியாள் செய்த வேலை அல்ல. மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார், ஐந்நூற்றுவர் என்று குழுக் குழுவாகவே வியாபாரிகள் இயங்கினார்கள். அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த முஸ்லிம்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள் சேர்ந்த குழு என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கொல்லத்தில் கி.பி. 849 இல் எழுந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கூஃபி எழுத்தில் சாட்சிக் கையொப்பங்கள் இருப்பது நம் வாசகர்கள் அறிந்ததே. பல மதத்தார் ஒரே துறைமுகத்தில், ஒரே ஆவணத்தில் கைச்சாத்திட்டார்கள். துறைமுகத்தில் மாதக்கணக்கில் காற்றுக்காகக் காத்திருந்தவர்கள் எங்கோ சாப்பிட்டிருக்கவும் வேண்டும். அந்த அடுப்புகளைப் பற்றிச் செப்பேடு பேசாது. ஆனால் பயணிகள் பேசுவார்கள்.

1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவர் உதவியுடன் பாவா ஆதம் மலைக்குப் போனார். திரும்பும் வழியில் கொழும்பையும் பார்த்தார். சரந்தீபின் பெரிய, அழகிய நகரங்களில் ஒன்று என்று அதைக் குறித்து வைத்தார். அவருடைய பயண நூலில் நமக்கு முக்கியமான ஒரு செய்தி உண்டு. இந்நாட்டு மக்கள் முஸ்லிம் பக்கீர்களை மதிக்கிறார்கள், வீட்டில் தங்க வைக்கிறார்கள், மனைவி மக்களோடு இருக்கிற இடத்திலேயே சோறு போடுகிறார்கள் என்கிறார். இந்தியாவில் தான் கண்ட வழக்கம் வேறு என்றும், அங்கே பிற மதத்தார் முஸ்லிமுக்குத் தம் பாத்திரத்தில் உண்ணவோ குடிக்கவோ கொடுப்பதில்லை என்றும் ஒப்பிட்டுச் சொல்கிறார்.

இதற்குக் காரணமாக அவர் சொல்லும் கதையும் சாப்பாட்டைப் பற்றியதே. ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் என்ற பெரியார் தம் சீடர்களோடு மலைக்குப் போகும்போது காட்டில் பசி வந்துவிட்டது. அவர் தடுத்தும் கேளாமல் சீடர்கள் ஒரு யானைக்குட்டியைக் கொன்று தின்றார்கள். அவர் தொடவில்லை. இரவில் யானைகள் கூட்டமாக வந்து, ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்து, தின்றவர்களைக் கொன்றன. ஷெய்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய் விட்டது. அன்றிலிருந்து இந்நாட்டார் முஸ்லிம்களை மதித்தார்கள் என்பது கதை. இதை நடந்த சம்பவமாக எடுக்க வேண்டியதில்லை. 14 ஆம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்தவர்கள், அயலானின் மேல் வைக்கும் நம்பிக்கையை "இவன் எதைத் தின்பான், எதைத் தொடமாட்டான்" என்பதை வைத்து அளந்தார்கள் என்பதற்கு இது சான்று.

துறைமுகம் மாறிய கதை

இயற்கை கொடுத்த துறைமுகம் திருகோணமலை. ஆழமும் பாதுகாப்பும் உள்ள அதற்கு ஈடான இடம் இந்தக் கடலில் குறைவு. ஆனால் பெரிய நகரமாக வளர்ந்தது கொழும்பு. 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1875 இல் கொழும்பு அலைதடுப்பு மதிலுக்கு அடிக்கல் நாட்டி, 1885 இல் தென்மேற்கு மதிலை முடித்தார்கள். கோப்பியும் பிறகு தேயிலையும் மலையிலிருந்து இறங்கியது கொழும்புக்கு. வியாபாரக் கப்பல் கொழும்புக்கும், போர்க்கப்பல் திருகோணமலைக்கும் என்று ஆனது. திருகோணமலைக்கு ரயில் வந்ததே 1927 இல்தான். பிரித்தானியக் கடற்படை 1957 வரை அங்கே இருந்தது. துறைமுகக் கூலி வேலை, கடற்படை வேலை, சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கி வேலை என்று வெளியூர் ஆண்கள் வந்து குவிந்த நகரம் அது. குவிந்தவர்களுக்குச் சோறு வேண்டும். சோற்றுக்குக் கடை வேண்டும்.

கொழும்பில் இது பல மடங்கு. வெள்ளைக்காரப் பயணிகளுக்கு 1864 இல் கோல்ஃபேஸ் ஹோட்டலும், 1875 இல் துறைமுக வாசலில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலும் திறந்தன. அங்கே மேசைவிரிப்பும் முள்ளுக் கரண்டியும். சுமை தூக்கியவனுக்கும், வண்டி ஓட்டியவனுக்கும், புறக்கோட்டைக் கடைச் சிப்பந்திக்கும் அந்தக் கதவு திறக்காது. அவர்களுடைய ஹோட்டல் வேறு. நம் நாட்டு வழக்கில் "ஹோட்டல்" என்றால் படுக்கிற இடமல்ல, சாப்பிடுகிற இடம். படுக்க அறை ஒன்றுமில்லாத தகரக் கூரைக் கடைக்கும் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

யார் நடத்தினார்கள்? காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த இந்தியச் சோனகர் நடத்தினார்கள். கேரளத்திலிருந்து வந்த மலையாளிகள் தேத்தண்ணிக் கடை வைத்தார்கள். தமிழ்நாட்டுச் சைவர்களும் யாழ்ப்பாணத்தாரும் சைவக்கடை திறந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். வீட்டுச் சோறு கிடைக்காதவன் சமைத்த சோற்றை, வீட்டுச் சோறு கிடைக்காத இன்னொருவன் தின்றான். நகரத்துக் கடைச் சாப்பாட்டின் தொடக்கம் அதுதான். நாவு ருசி தேடிப் போனது பிறகு நடந்த கதை.

இதில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கடைகள் ஆண்களின் கடைகள். பெண்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவது அண்மைக் காலம் வரை அபூர்வம். எங்கள் உம்மாமாருக்குக் கடைச் சாப்பாடு என்றால், வாப்பா இரவில் கையில் கொண்டுவரும் பார்சல்தான். "கடைச் சாப்பாடு ஒடம்புக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே அதைப் பிரித்துப் பங்கு வைப்பார்கள். பெரிய கடைகள் மாடியில் குடும்பத்தாருக்கென்று திரை போட்ட அறைகள் வைத்தது ஒரு மாற்றம். திரை இல்லாமலே குடும்பமாக உட்காருவது அடுத்த மாற்றம். இந்த மாற்றங்களை எழுதாத உணவு வரலாறு அரைவாசிப் பேரை விட்டுவிட்ட வரலாறு.

எங்கள் சட்டியில் எத்தனை நாடு

"முஸ்லிம் சாப்பாடு" என்று ஒற்றையாகச் சொல்லிவிடுகிறோம். கொழும்பில் ஒரு முஸ்லிம் கடையின் சாப்பாட்டுப் பட்டியலைச் சற்று நிதானமாக வாசித்தால் அது ஒரு துறைமுகப் பதிவேடு போல இருக்கும். புரியாணியும் பலூடாவும் பாரசீகச் சொற்கள். சவன் சாப்பாட்டில் ஆறு பேர் சுற்றி உட்காரும் அந்தத் தட்டின் பெயர் அரபியில் 'ஸஹ்ன்'. பாபத் மலாய்ச் சொல். ஒல்லாந்தர் காலத்தில் சாவகத் தீவுகளிலிருந்து சிப்பாய்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் வந்த மலாயர்களோடு வந்தது. நாசி கொரெங், சாத்தே, மலாய் அச்சாறு எல்லாம் அப்படியே. கொம்பனித்தெருவில் மலாயர்கள் செறிந்து வாழ்ந்ததால் அந்தப் பக்கத்துக் கடைகளில் அந்த வாசனை நின்றது. அக்னிச் சோறு மேமன்மாரோடு வந்தது. போராக்கள் தங்கள் பெரிய தட்டைக் கொண்டுவந்தார்கள். பாண் போர்த்துக்கீசச் சொல். வாழையிலையில் சோறும் கறியும் பொரித்த இறைச்சி உருண்டையும் கட்டிப் போறணையில் வாட்டும் லம்பிரைஸ் ஒல்லாந்தப் பறங்கியரின் வீட்டுச் சாப்பாடு. அதற்கும் சாவகத்தின் இலைச்சோற்றுக்கும் உறவு உண்டு.

வட்டிலப்பத்தைப் பாருங்கள். தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, முட்டை, ஏலம். "அது எங்கட" என்று மலாயரும் சொல்வார்கள், சோனகரும் சொல்வார்கள். பெயரோ சுத்தமான தமிழ்: வட்டிலில் வைத்து அவித்த அப்பம். பெருநாளைக்கு அது இல்லாத முஸ்லிம் வீடு இல்லை. அதைத் தட்டில் வாங்கிக்கொள்ளாத சிங்கள, தமிழ் அயல்வீடும் முன்னர் குறைவு.

சீனர்கள் இன்னொரு வழியால் வந்தார்கள். பட்டுத் துணி மூட்டையைத் தோளில் தூக்கி வீடு வீடாக விற்றவர்கள், ஊர் ஊராகப் பல் கட்டும் கடை வைத்தவர்கள், அவர்களில் சிலர் உணவகமும் திறந்தார்கள். பின்னாளில் "சைனீஸ்" என்பது சீனர் இல்லாமலே நடக்கும் சமையலாயிற்று. இன்று கொழும்பு முஸ்லிம் கடைகளில் விற்கும் ப்ரைட்ரைஸும் சில்லிச் சிக்கனும் பீஜிங்கில் யாருக்கும் தெரியாத சாப்பாடு. அதனால் அது போலி என்று ஆகிவிடாது. இலங்கை வாய்க்கு வந்து இலங்கைச் சாப்பாடாகியது, புரியாணி ஒரு காலத்தில் ஆனதுபோல.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் 1951 இல் புஹாரி ஹோட்டலைத் திறந்த ஏ. எம். புஹாரி திருநெல்வேலிப் பக்கத்தவர். கொழும்பில் உணவகத் தொழில் பழகியவர். 1965 இல் அந்தக் கடையில் பிறந்ததாகச் சொல்லப்படும் 'சிக்கன் 65' இன்று தமிழ் பேசுகிற எல்லா ஊரிலும் உண்டு. சென்னை நகரம் பெருமைப்படுகிற ஒரு முஸ்லிம் உணவகத்தின் தொழிற்பள்ளி கொழும்பு என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. இங்கிருந்த இந்தியச் சோனகர் பலர் சுதந்திரத்திற்குப் பின் குடியுரிமை, விசாச் சட்டங்களின் நெருக்கடியில் ஊர் திரும்பினார்கள். கடையை இங்கு விட்டுவிட்டு, கைப்பக்குவத்தை மட்டும் கொண்டுபோனார்கள்.

கோப்பை யாருடையது

கடைச் சாப்பாட்டின் வரலாற்றில் ருசியைவிடப் பெரிய கேள்வி, யார் எங்கே உட்காரலாம் என்பது. வடக்கில் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஏன் அதற்குப் பிறகும், தேத்தண்ணிக் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு உள்ளே இடம் கிடையாது. வெளியே நின்று, வேறு பாத்திரத்தில் வாங்கிக் குடிக்க வேண்டும். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்ததால் கோப்பை வந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போன பிறகு, ஊர் ஊராகப் போராடித்தான் தேநீர்க்கடைக் கதவுகள் திறந்தன. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்காக உயிர் கொடுத்தவர்களும் உண்டு.

முஸ்லிம் கடைக்கு இந்தச் சிக்கல் பிறவியிலேயே இல்லை. ஒரே சவனில் கை போடுகிற சமூகம், வாடிக்கையாளனின் சாதியைக் கேட்டுக் கோப்பையைத் தேர்ந்தெடுக்க நியாயமில்லை. "வாங்க காக்கா, இருங்க. பிளேன்டீயா, பால் டீயா?" அவ்வளவுதான் கேள்வி. கிழக்கில் காக்கா, மேற்கிலும் தெற்கிலும் நானா. பிறரும் அதைப் பிடித்துக்கொண்டு "நானா கடை" என்றார்கள். பெயரிலேயே உறவுமுறை ஒட்டியிருக்கிற கடை அது.

நானா கடைக்கு எதிர்ப்பக்கத்தில் சைவக்கடை. இரண்டும் போட்டி என்று நினைப்பது தவறு. சைவக்காரருக்கு எப்படி மச்சம் படாத பாத்திரம் முக்கியமோ, அப்படி நமக்கு ஹலால் முக்கியம். சைவக்கடையில் இறைச்சியே இல்லாததால் நமக்கு அங்கே பெரிய கவலை இல்லை. இரண்டு பேணுதல்களும் மோதாமல் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் திருகோணமலையிலும் தோசைக்கு வரிசையில் நிற்கிற தொப்பிக்காரரை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. பேணுதல் உள்ளவர்கள் சேர்ந்து சாப்பிட முடியாது என்பது உண்மையல்ல. ஒருவர் பேணுதலை மற்றவர் அறிந்திருந்தால் போதும்.

சீனன்குடாவின் மா

இந்த வரலாற்றில் திருகோணமலை மறுபடியும் ஒரு முறை நுழைகிறது, இம்முறை மாவு வடிவில். கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. யுத்தகால அரிசித் தட்டுப்பாடும் கூப்பன் அரிசியும், பின்னாளில் வெளிநாட்டு உதவியாக வந்த மாவும் சேர்ந்து, பாணையும் ரொட்டியையும் ஏழையின் சாப்பாடாக்கின. 1980 முதல் சீனன்குடாக் கரையில் பிறீமா ஆலை கோதுமையை அரைக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் நிறுவனத்தின் ஆலை. கப்பலிலிருந்து நேரே தானியத்தை இறக்கக் கூடிய ஆழமான துறைமுகம் இருந்ததால்தான் அந்த இடம். நாட்டின் கோதுமை மாவில் பெரும்பங்கு நீண்ட காலம் அங்கிருந்தே போனது.

அந்த மா கொழும்புக்குப் போய் என்ன ஆனது? பராட்டா ஆனது. பராட்டா இரும்புக் கல்லின் மேல் இரண்டு தகடுகளுக்கு இடையில் கொத்துப்பட்டுக் கொத்துரொட்டி ஆனது. இது கிழக்கு மாகாண முஸ்லிம் கடைகளில் பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மட்டக்களப்பாரும் சொல்வார்கள், திருகோணமலையாரும் சொல்வார்கள். எது முதற்கடை என்று நிறுவ முடியாது. மிஞ்சிய ரொட்டியையும் மிஞ்சிய கறியையும் சேர்த்துக் கொத்துகிற புத்தி எந்தச் சமையற்காரனுக்கும் வரக்கூடியதுதான். ஆனால் பெயர் தமிழ், அடிக்கிற தாளம் எல்லோருக்கும் பொது. இரவு பத்து மணிக்கு எந்தச் சிங்கள ஊரிலும் அந்தச் சத்தம் கேட்டால் பசி எழும். இலங்கையின் தேசியச் சாப்பாடு எது என்று கேட்டால், மூன்று சமூகத்தாரும் கை காட்டுகிற பண்டங்களில் இது ஒன்று.

உடைந்த இடங்கள்

அப்படியானால் எங்கே பிசகியது? கடை என்பது நம்பிக்கையின் இடம் என்பதாலேயே, வெறுப்பு வரும்போது முதலில் கல் விழுவதும் கடைமேல்தான். 1915 இல் மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் பள்ளிவாசல் முன் ஊர்வலம் பற்றிய பிணக்கில் மூண்டது. ஆனால் பரவிய ஊர்களில் எல்லாம் சோனகர் கடைகளே சூறையாடப்பட்டன. முதல் உலகப் போர்க்காலத்து விலையேற்றத்தின் கோபமும் அதில் கலந்திருந்தது. 1930 களில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க நடத்திய பிரசாரம் மலையாளிகள் மேல் திரும்பியது. இலக்கு மாறும், முறை மாறாது: பசிக்கும்போது போன கடை, கோபம் வரும்போது அந்நியன் கடையாகிவிடும்.

2013 இல் ஹலால் சான்றிதழுக்கு எதிரான இயக்கம் எழுந்தது. ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுப் பொருள்களிலிருந்து ஹலால் இலச்சினையை விலக்கிக்கொள்ள உடன்பட்டது. ஒரு சமூகம் தனக்கு எது ஆகும் என்று அறிந்துகொள்வதற்காக வைத்த அடையாளம், மற்றவரை அடக்க வந்த ஆயுதமாக எடுத்துக் காட்டப்பட்டது.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்தது இன்னும் நேரடியானது. முஸ்லிம் கடையொன்றில் சாப்பிட வந்தவர்கள் கறியில் ஒரு கட்டியைக் கண்டார்கள். மலட்டு மருந்து கலந்தாயா என்று காசாளரைச் சூழ்ந்து கேட்டார்கள். சிங்களம் சரியாக விளங்காத அவர் பயத்தில் தலையாட்டியதைக் கைபேசியில் பதிவு செய்து பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பார்த்ததில் அது மாவுக்கட்டி. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே இல்லை என நிபுணர்கள் சொன்னார்கள். அறிக்கை வருவதற்குள் மார்ச் மாதம் திகனவும் எரிந்துவிட்டது. நூறு வருடமாகச் சேர்த்த நம்பிக்கையை உடைக்க ஒரு கரையாத மாவுக்கட்டி போதுமாக இருந்தது.

அடுத்ததை எழுதாமல் விட்டால் இந்த வரலாறு நேர்மையாக இராது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. ஷங்ரிலாவிலும் சினமன் கிராண்டிலும் கொலைகாரர்கள் தேர்ந்தெடுத்த இடம் காலைச் சாப்பாட்டு மேசை. பல நாட்டார் ஒன்றாக உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்த இடம். எல்லா இடங்களிலுமாக 260 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நம் பெயர்களைச் சூடியவர்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்திருந்தவனைக் கொல்வது எந்த மார்க்கத்திலும் வீரமல்ல. அயலானுக்கு உணவு நீட்டிய இந்த மண்ணின் பழைய மரபுக்கு அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. அந்தக் குற்றத்தைச் செய்யாத ஆயிரக்கணக்கான கடைக்காரர்கள் அடுத்த மாதங்களில் தண்டனை அனுபவித்தார்கள். மே மாதம் மினுவங்கொடையிலும் பிற ஊர்களிலும் கடைகள் எரிந்தன. எரியாத கடைகளில் ஆள் வரவில்லை.

மறுபடியும் பந்தி

இன்று புதுக்கடைப் பக்கம் இரவில் போய்ப் பார்த்தால் கூட்டம் தெரியும். பகலில் நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் நடக்கிற வீதி, இரவில் அடுப்பு வரிசையாகிவிடும். பராட்டா வீசுகிறவர், இறைச்சி சுடுகிறவர், பழச்சாறு பிழிகிறவர், அவர்களைச் சுற்றிச் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும். வெறுப்பு போய்விட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பசி வெறுப்பைவிடப் பழையது என்று மட்டும் சொல்லலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புதுக்கடையில் அடுப்பு வீதியில் இருக்கிறது. கொத்துரொட்டிக் கல் எப்போதும் கடை வாசலில்தான் இருக்கும். வாடிக்கையாளன் கண் முன்னால் முட்டை உடைகிறது, கறி விழுகிறது. அயலானின் சமையலை அயலான் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தது, நம் கடைக்காரர்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமல் கண்டுபிடித்த அரசியல். அம்பாறையில் மாவு கரையாததோடு மொழியும் உடைந்தது. "அது மாக்கட்டி, வாங்க குசினிக்குள்ள பாருங்க" என்று அந்தக் காசாளருக்குச் சிங்களத்தில் சொல்ல முடிந்திருந்தால் வந்தவர்கள் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். சொல்லக் கூடியவர் கல்லாவில் இருப்பது நம் கையில் உள்ள காரியம்.

நம் பக்கத்துக் கணக்கும் ஒன்று இருக்கிறது. எங்கள் புரியாணியை எல்லோரும் வந்து சாப்பிட வேண்டும் என்று விரும்புகிறோம். பிறர் வீட்டுப் பாற்சோற்றுக்கும் பொங்கலுக்கும் நத்தார் கேக்குக்கும் நம் கை எவ்வளவு தூரம் நீளுகிறது? ஹலாலான ஒன்றையும் "எதுக்கு வம்பு" என்று ஒதுக்கிவைக்கிற பழக்கம் அண்மைத் தசாப்தங்களில் கூடியிருக்கிறது. பேணுதல் வேறு, ஒதுக்கம் வேறு. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளின் கை, தாம் வைத்த உணவை நோக்கி நீளவில்லை என்று கண்டபோது இப்ராஹீம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுந்தது என்று திருமறை சொல்கிறது. சாப்பிட மறுக்கிற கை எதிரே இருப்பவருக்கு என்ன செய்தி சொல்லும் என்பது நமக்குத் தெரியாத பாடமல்ல.

திரியாய்க் குன்று யாருக்குச் சொந்தம் என்பதில் இன்று கிழக்கில் கசப்பான வாதங்கள் நடக்கின்றன. தொல்பொருள், காணி, எல்லை என்று வழக்குகள் நீள்கின்றன. அவற்றுக்கு உரிய இடத்தில் நியாயம் கிடைக்க வேண்டும். பாறையிலுள்ள சாசனம் எல்லை எதையும் பேசவில்லை. கடல் கடந்து வந்த வியாபாரிகளைப் பேசுகிறது. மரபு அவர்களுக்குக் கொடுத்த பெருமை, அவர்கள் கட்டிய தூபியைவிட அவர்கள் நீட்டிய உணவுக்கே அதிகம். கொழும்பு போகிற இரவு பஸ், வழியில் ஏதாவதொரு ஊரில் சாப்பாட்டுக்கு நிற்கும். திரியாயாரும் குச்சவெளியாரும் புல்மோட்டையாரும் இறங்கி ஒரே மேசையில் உட்கார்வார்கள். பராட்டா வரும், ஆணம் வரும், பிளேன்டீ வரும். சமைத்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. பஸ் ஹோன் அடிப்பதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.